துரை படுத்திருக்கும் மணல்

காலேஜ் பிள்ளைகளுக்கு அது பெஸ்ஸி. ஆட்டோக்காரருக்கு எலியட்ஸ் பீச். எலியட் யார் என்று கேட்டால் இரண்டு பேருமே கடலைப் பார்ப்பார்கள்.

எட்வர்ட் எலியட், கும்பினி காலத்து மெட்ராஸ் போலீஸ் சூப்பரின்டென்டென்ட். மயிலாப்பூரில் அவர் பெயரில் இருந்த ரோட்டை ராதாகிருஷ்ணன் சாலை ஆக்கினோம். 1996இல் மெட்ராஸையே சென்னை ஆக்கினோம். மணலில் மட்டும் துரை இன்னும் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்.

பேட்டையின் பெயரோ லண்டனில் பிறந்த பெசன்ட் அம்மையாருடையது. கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்கு. அந்த மனிதருக்கு அது தகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிமாடியாகப் படகு விட்டு நம்மை ஏற்றிவந்த சென்னை மீனவர்களுக்கு? காப்பாற்றியதோடு உயிரோடும் திரும்பிவிட்டார்களே, மண்டபத்துக்கான தகுதி அங்கேயே போயிற்று.

பெசன்ட் நகர் மனை போடுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது ஊரூர். அதையாவது விட்டோமா? பக்கத்தில் 1882இல் பிரம்மஞான சபை இடம் வாங்கியது. அந்தச் சபையின் அமெரிக்கக் கர்னல் ஆல்காட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு, இன்று அது ஊரூர் ஆல்காட் குப்பம்.

அடையாறு முகத்துவாரத்தில் 1967இல் ஒரு பாலம் கட்டினார்கள். 1977இல் ஆறு அதை உடைத்துவிட்டது. பத்தே வயசு. மிச்சப் பாலத்தில் இப்போது போட்டோ எடுக்கிறார்கள். அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை. குப்பத்தின் தலைக்கு மேல் கடலோரச் சாலை என்று யாராவது ஒருவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். மீனவர் மறித்தால் அவர் வளர்ச்சிக்கு விரோதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வலை காயும் மணலில் ஒரு பெரிய கார். முன் டயருக்கு அடியில் பச்சை நைலான் வலை மாட்டிக் கிடக்கிறது. இறங்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்: "வாக்கிங் வர்ற இடத்துல கருவாடு காயப் போடலாமா?"

நெத்திலியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஆயா நிமிரவில்லை. "வேற எங்க போடச் சொல்ற நைனா? உன் மொட்டமாடிலயா?"

அதிகாரிகளே, 'ஊரூர் கடற்கரை' மொத்தம் எட்டு எழுத்து. ஒரு டப்பா பெயிண்டில் முடிகிற வேலை. எழுதி முடித்த கையோடு, வலையின் மேல் நிற்கும் அந்தக் காரையும் எடுக்கச் சொல்லுங்கள்.