கம்ப்யூட்டர் மேல் ஆணை

'தொழில்நுட்பக் கோளாறு' என்ற சொல்லைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குப் பெருநிறுவனங்கள் எல்லாம் சந்தா போட்டு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். ஏன் இன்னும் வைக்கவில்லை என்று தெரியவில்லை. வங்கிக் கணக்கில் பணம் காணோமா? கோளாறு. ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதா? கோளாறு. விமானம் கிளம்பவில்லையா? அதுவும் கோளாறுதான். யாரும் அதைச் செய்வதில்லை, அது 'ஏற்படுகிறது'. கிரகணம் மாதிரி தானாக வந்து தானாக விலகிவிடும். கோளறு பதிகம் பாடினால் தீரக்கூடிய வகை என்று நினைத்துக்கொண்டுதானோ என்னவோ, நமது செய்தியாளர்களும் நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டு அடுத்த கைபேசியின் விலையை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். பல ஆண்டுகள் நீடிக்கிற கோளாறைப் பற்றி எனக்கு ஒரு தீராத சந்தேகம் உண்டு. அது யாருக்கோ வசதியாக இருக்கிறது, அதனால்தான் நீடிக்கிறது. இந்தச் சந்தேகத்துக்குக் கோர்ட்டு முத்திரையோடு சாட்சி வேண்டும் என்பவர்கள் பிரிட்டிஷ் தபால் அலுவலகத்தின் கதையைப் பார்க்கலாம்.

அந்த நாட்டில் பெரும்பாலான தபால் நிலையங்கள் சின்னக் கடைகள்தான். ஒரு பக்கம் பால், ரொட்டி, வாழ்த்து அட்டை. இன்னொரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தபால் கவுண்டர். கடைக்காரரே சப்-போஸ்ட்மாஸ்டர். ஊரில் பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு அவர்தான் அரசாங்கம். 1999-இலிருந்து இந்தக் கவுண்டர்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். செய்துகொடுத்தது ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை. ஹொரைசன் என்றால் தொடுவானம். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாலையில் கணக்கு முடிக்க உட்கார்ந்தவர்களுக்குக் கணக்கு அப்படித்தான் இருந்தது: நெருங்க நெருங்க விலகிப் போனது. இருநூறு பவுண்டு குறைகிறது என்று உதவித் தொலைபேசியை அழைத்தால், அவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பதற்குள் நானூறு குறைந்தது. "இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்" என்ற பதிலை நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். 1999 முதல் 2015 வரை இப்படிக் குற்றவாளியாகத் தீர்ப்புப் பெற்றவர்கள் 900-க்கும் மேல். அதில் 700 பேர் அளவுக்கு வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கிக்கொடுத்தது தபால் அலுவலகமேதான்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பணம் போய்விட்டது என்று புகார் சொன்னதும் தபால் அலுவலகம், துப்புத் துலக்கியதும் அதன் ஆட்கள், குற்றம் சாட்டிக் கோர்ட்டில் நின்றதும் அதன் வக்கீல்கள். தபால்துறைக்குப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே தொடர்ந்து வரும் பழக்கம் இது. கடிதத்தைப் பிரித்துப் பணத்தை உருவுகிறவனைப் பிடிக்க உண்டான ஏற்பாடு, கம்ப்யூட்டர் காலத்துக்கும் அப்படியே சொத்துரிமைபோல வந்து சேர்ந்தது. ஒப்பந்தமோ, கணக்கில் குறைந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் கைப்பணத்தைப் போட்டு நேர்செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் படித்துக்காட்டுகிற விதத்தில் இருந்தது. கட்டினால், குறைந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கட்டாமல் 'சரி' என்று பொத்தானை அழுத்தினால் பொய்க்கணக்கு எழுதிய குற்றம். பொத்தானையே அழுத்தாவிட்டால் மறுநாள் கடை திறக்க முடியாது. எலிப்பொறியில்கூட உள்ளே போன வாசல் என்று ஒன்று இருக்கும்.

சட்டமும் சரியான நேரத்தில் கைகொடுத்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில், கம்ப்யூட்டர் கக்கிய காகிதத்தைச் சாட்சியமாக்க வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்று முதலில் காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒவ்வொரு வழக்கிலும் இது தொல்லையாக இருக்கிறது என்று அதை 1999-இல் நீக்கினார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று கோர்ட்டு தானாகவே எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதைச் சந்தேகிக்க ஆதாரம் கொண்டுவர வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் எங்கே போவார்? மென்பொருளின் உள்ளே பார்க்கும் உரிமையும் அவருக்கு இல்லை, பிழைகளின் பட்டியலும் அவர் கையில் இல்லை. ஹொரைசன் ஊர் ஊராக நுழைந்துகொண்டிருந்த அதே நாட்களில் இந்தச் சட்டமும் மாறியது தற்செயல்தான். ஆனால் இப்படிப்பட்ட தற்செயல்கள் ரொட்டிக் கடைக்காரர் பக்கம் ஒருநாளும் எட்டிப்பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் இதைப் புரிந்துகொள்ள மென்பொருள் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் ஊருக்குள் நல்ல பெயரோடு கடை நடத்தியவர்கள், ஒரு புதுப் பெட்டி வந்த சில மாதங்களில் வரிசையாகத் திருடர்களாகிறார்கள். ஒரு தெருவில் பத்து வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் குடிநீர்க் குழாயைப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். தபால் அலுவலகம் பத்து வீட்டுக்காரர்களையும் கைது செய்தது. திருடர்கள் திருடிய பணம் எங்கே போனது என்று யாரும் தேடிக் கண்டுபிடித்ததும் இல்லை, ஏனென்றால் வங்கியிலும் இல்லை, மெத்தைக்கு அடியிலும் இல்லை. அவர்கள் வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய பணம் மட்டும் தபால் அலுவலகத்துக்குப் போனது. வராத இழப்பை ஈடுகட்டிய அந்தத் தொகை ஒருவேளை லாபக் கணக்கிலேயே சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தை, தபால் அலுவலகமே நியமித்த 'செகண்ட் சைட்' என்ற தணிக்கைக்காரர்கள் எழுப்பினார்கள். அப்படிப்பட்ட கேள்வி கேட்ட குற்றத்துக்கோ என்னவோ, 2015-இல் அவர்களுக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

'எந்த மென்பொருளில்தான் பிழை இல்லை, அதிகாரிகள் அதை நல்லெண்ணத்தில் நம்பிவிட்டார்கள்' என்று ஒரு சமாதானம் உண்டு. முதல் பாதியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பிழையில்லாத மென்பொருள் என்பது விற்பனைப் பிரதிநிதியின் கையேட்டில் மட்டும் இருப்பது. இரண்டாம் பாதிக்குத்தான் ஆவணங்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. 2010-இல் ஒரு பிழையைப் பற்றித் தபால் அலுவலகத்தாரும் ஃபுஜிட்சுவினரும் கூடிப் பேசிய குறிப்பு ஒன்று பிறகு வெளியே வந்தது. விஷயம் பரவினால் கிளைகளுக்கு நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளையும் பாதிக்கலாம் என்று அதில் கவலைப்பட்டிருக்கிறார்கள். கிளைக்குத் தெரியாமல் கணக்கைத் திருத்திவிடலாமா என்று ஒரு யோசனையும், அதில் தர்மசங்கடம் இருக்கிறது என்ற ஒரு நெருடலும் அதிலேயே பதிவாகியிருக்கின்றன. வெளியில் இருந்து யாராலும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்று தபால் அலுவலகம் ஊரெல்லாம் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டிலேயே எட்டு வாரக் கர்ப்பிணியாக இருந்த ஒரு சப்-போஸ்ட்மாஸ்டர் பதினைந்து மாதத் தண்டனையோடு சிறைக்குப் போனார்.

இதற்கு மேலும் நல்லெண்ணம் மிச்சமிருக்கிறது என்பவர்களுக்கு 2013 இருக்கிறது. தபால் அலுவலகத்துக்காக வேலை செய்த வக்கீல் ஒருவரே, நமது முக்கியமான நிபுணர் சாட்சி தனக்குத் தெரிந்த பிழைகளைக் கோர்ட்டில் சொல்லவில்லை, இனி இவரை நம்பி வழக்கு நடத்தக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த மாதமே இன்னொரு கடிதமும் எழுத வேண்டியதாயிற்று: ஹொரைசன் பற்றிய கூட்டக் குறிப்புகளைக் கிழித்துப் போடச் சொன்னதாகக் கேள்விப்படுகிறேன், அப்படிச் செய்யக்கூடாது என்று. நல்லெண்ணத்தில் நம்புகிறவர் கிழிப்பான் இருக்கும் பக்கம் போகமாட்டார். சப்-போஸ்ட்மாஸ்டர்கள் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்ட பிறகும் திருந்தவில்லை. முதல் தீர்ப்பு பாதகமாக வந்ததும், நீதிபதி ஃப்ரேசர் ஒருதலைப்பட்சமானவர், விலக வேண்டும் என்று 2019-இல் மனுப் போட்டார்கள். அவர் விலகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் எழுதிய தீர்ப்பு, ஹொரைசனைப் பற்றிய தபால் அலுவலகத்தின் நிலைப்பாட்டைப் பூமி தட்டை என்று சாதிப்பதோடு ஒப்பிட்டது.

நமக்கு இந்த வழக்கு புதிதில்லை. மதுரையில் ஒரு முறை நடந்திருக்கிறது. அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, கோவலன் தலை போயிற்று. சிலப்பதிகாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு. அங்கே சிலம்பை உடைத்துப் பார்க்க விட்டார்கள். முத்தா மாணிக்கமா என்று சபையிலேயே தெரிந்துவிட்டது. இங்கே சிலம்பின் உள்ளே இருந்தது ஃபுஜிட்சுவின் பிழைப் பதிவேடு. அதைக் காட்டச் சொன்னபோது, அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றும், அது எங்கள் கைவசமே இல்லை என்றும் பதில் வந்தது. இரண்டாவது வித்தியாசம், தவறு தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலிருந்து விழுந்து இறந்துபோனான். தபால் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பாலா வெனல்ஸ் 2019-இல் சி.பி.இ. பட்டம் வாங்கினார். உயிரை விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; பட்டத்தைத் திருப்பித் தரவே 2024 ஜனவரியும், பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனுவும் தேவைப்பட்டன.

அந்தக் கையெழுத்துகள் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற பத்திரிகை ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையை 2009-லேயே எழுதிவிட்டது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. இரண்டுமே செய்திகள்தான், நாடு படித்துவிட்டுத் தேநீர் குடித்தது. 2024 புத்தாண்டில் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் இந்தக் கதையை ஒரு தொடர் நாடகமாகப் போட்டார்கள், அவ்வளவுதான், பத்தே நாளில் பிரதமர் தண்டனைகளை ரத்து செய்யச் சட்டம் கொண்டுவருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மே மாதம் சட்டமே வந்துவிட்டது. ஆலன் பேட்ஸ் என்ற சப்-போஸ்ட்மாஸ்டர் இருபது ஆண்டு மனு எழுதிச் செய்ய முடியாததை, அவர் வேடம் போட்ட நடிகர் நான்கு ராத்திரியில் செய்துவிட்டார். தொழில்நுட்பச் செய்திப் பக்கங்களுக்கு என்னால் ஆன யோசனை: பிழைப் பதிவேடுகளை அச்சிடுவதை விட்டுவிட்டு நல்ல நடிகர்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த நூற்றுக்கணக்கானோரில் நிஜமாகவே கையாடியவர் ஒருவர்கூட இருக்கமாட்டாரா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். இருந்திருக்கலாம். ஆனால் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வழக்காகப் பிரித்துப் பார்க்க முடியாத நிலையில், தகுதியான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. சாட்சியத்தை அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தார்கள். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள், ஹொரைசனைக் குறை சொல்லாதே என்று பேரம் பேசி வாங்கிய ஒப்புதல்களை வைத்துக்கொண்டு யாரைக் கள்ளன் என்பது, யாரை அப்பாவி என்பது? திருடனைப் பிடிக்கத்தான் இவ்வளவு அதிகாரம் வைத்திருந்தோம் என்கிறவர்கள், நிஜத் திருடன் ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கும் சேர்த்து விடுதலை வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதில் இப்படி ஒரு தாராளமும் இருக்கிறது.

'இப்போதுதான் எல்லாம் சரிசெய்துவிட்டார்களே' என்று சொன்னால், யார் கணக்கில் சரிசெய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 555 பேருக்கும் 2019-இல் கிடைத்த சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு; வழக்குச் செலவும் வழக்குக்குப் பணம் போட்டவர்களின் பங்கும் போக, ஆளுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் மிஞ்சியது. பிறகு அரசாங்கம் கொடுத்துவரும் இழப்பீடு 2025-க்குள் நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. அது வரிப்பணம், தண்டிக்கப்பட்ட கடைக்காரர்கள் கட்டிய வரியும் அதில் உண்டு. ஃபுஜிட்சுவுக்குத் தார்மிகக் கடமை இருக்கிறது என்று அதன் ஐரோப்பியத் தலைவர் 2024-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். தார்மிகக் கடமைக்கு வங்கிக் கணக்கு எண் கிடையாது என்பது அதன் தனிச்சிறப்பு. ஓய்வுபெற்ற நீதிபதி வின் வில்லியம்ஸின் விசாரணை அறிக்கையின் முதல் பகுதி 2025 ஜூலையில் வந்தது. குறைந்தது 13 தற்கொலைகளுக்கு இந்த விவகாரத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று அது சொல்கிறது. இந்த இடத்தில் வேடிக்கை பேச எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் வேடிக்கை செய்வதை அவர்கள் நிறுத்தவில்லையே. அந்த விசாரணைக்கு ஒத்துழைப்புத் தருவதை ஓர் இலக்காக வைத்து, இலக்கு எட்டப்பட்டது என்று தாங்களே தீர்மானித்து, தபால் அலுவலகத்தின் மேலதிகாரிகளுக்குப் போனஸ் கொடுத்த விவரம் 2023-இல் அம்பலமாயிற்று. விசாரணையோ அப்போது முடியவே இல்லை. தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டுத் தன் போனஸில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். கவுண்டரில் கணக்கு உதைத்தபோது சப்-போஸ்ட்மாஸ்டருக்குச் சிறை. போனஸ் கணக்கு உதைத்தபோது வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை. கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று கோர்ட்டு தானாக எடுத்துக்கொள்ளும் விதியை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில்தான் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. ஹொரைசனுக்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு மென்பொருள் எழுதப் போன திட்டம் நாளும் தள்ளி, செலவும் ஏறி, கடைசியில் கைவிடப்பட்டது. ஃபுஜிட்சுவின் ஒப்பந்தத்தைத்தான் நீட்டித்தார்கள். பாட்டிகள் பென்ஷன் வாங்க வருகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் மாலையில் கதவைச் சாத்திவிட்டு, அதே ஹொரைசனில் கணக்கு முடிக்க உட்காருகிறார்.