மிளகுத்தண்ணீரும் துரைமார்களும்

நம் அடுப்பங்கரையில் ஜலதோஷத்துக்கும் அஜீர்ணத்துக்கும் ஔஷதமாகக் கொதித்துக்கொண்டிருந்த சாதுவான மிளகுத்தண்ணீர், வெள்ளைக்காரத் துரைமார்களின் போஜன மேஜையில் பிரவேசித்த மாத்திரத்தில், கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்க்கப்பெற்று, 'முல்லிகட்டானி' என்று நாமகரணமும் ஆகி, சூப் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டது. மிளகு சும்மா விடுமா? சென்னை ராஜதானியில் ஊழியம் பார்த்த துரைமார்களையே 'முல்' என்று சகாக்கள் பரிகசிக்கலாயினர். வேலைக்காரனை 'கோயி ஹை' என்று ஓயாமல் கூவிய வங்காளத்துத் துரைக்கு அந்தக் கூவலே பெயராயிற்று. பம்பாய்த் துரைக்கோ 'வாத்து' என்று பட்டம், அதுவும் நீந்துகிற வாத்தன்று, 'பம்பாய் வாத்து' எனப்படும் கருவாடு!

இவ்விருத்தாந்தங்களையெல்லாம் யூல், பர்னெல் என்னும் இரு பண்டிதர்கள் தொகுக்க, 1886-இல் வெளிவந்த அகராதிக்குப் பெயர் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'; மொஹரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்றெழுந்த பிரலாபம் ஆங்கிலச் சிப்பாயின் செவியில் புகுந்து எடுத்த அவதாரம் அது. பதங்கள் சிதைந்த சரித்திரத்துக்குச் சிதைந்த பதத்தையே மகுடமாகச் சூட்டிய அவர்களுடைய நேர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆயினும், தெருவே அதிரக் கூவிய இரண்டு திருநாமங்கள் இந்தக் கதியை அடைந்தனவென்றால், நம் முன்னோர் கைகட்டி, வாய்பொத்தி, மெல்லிய குரலில் சமர்ப்பித்த மனுக்களெல்லாம் அச்செவிகளில் என்னவாக விழுந்தனவோ!