தோற்றவரை வழியனுப்பும் இலக்கணம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பரிசுப் போட்டிகளை மதிப்பிடுவோர் விமர்சகர், ரசிகர் என இரு சாரார் ஆவர். முன்னவர் நிகழ்ச்சியை ஒரு முறை பார்த்துவிட்டு ஒரு பத்தியில் முடித்துவிடுவார். பின்னவர் அதே நிகழ்ச்சியை நாற்பது முறை பார்த்தும் முடிக்கமாட்டார். விதி, அரங்கு, தொகுப்பாளர், பரிசு என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்டே தாம் தீர்ப்பளிப்பதாக இரு சாராரும் கூறிக்கொள்வர். ஆயினும் அவர்தம் தீர்ப்புகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அந்நான்கும் பெயரளவில் நிற்க, உண்மையான அளவுகோலாக இருப்பது ஐந்தாவது ஒன்று என்பது புலனாகும். தோற்றவரை அந்நிகழ்ச்சி எவ்வாறு வீட்டுக்கு அனுப்பிவைத்தது என்பதே அது. இக்கட்டுரை அதனை 'வழியனுப்பு' என்னும் சொல்லால் குறிக்கும்.

முதற்கண் மூலபாடத்தின் நிலையைக் கூறுதல் வேண்டும். அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை மிக்கதாகையால், பகல்நேர நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியபின் அழித்து, அதே நாடாவில் வேறொன்றைப் பதிவதே வழக்கமாயிருந்தது. 1964 முதல் 1975 வரை ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய 'ஜெப்பர்டி' 2,700-க்கும் மேற்பட்ட நாள்கள் நடந்தும், இன்று கிடைப்பவை மிகச் சிலவே. கடல்கொண்ட நூல்களைப் பற்றி எழுதுவோர்க்கு உள்ள வசதி இங்கும் உண்டு: இல்லாதவற்றை எவ்வளவு புகழ்ந்தாலும் மறுப்பாரில்லை. எஞ்சிய பழம்பதிவுகளை 1994 டிசம்பரில் தொடங்கிய 'கேம் ஷோ நெட்வொர்க்' அலைவரிசை மறுஒளிபரப்புச் செய்தபோதுதான் ரசிகர் மரபு நினைவிலிருந்து பாடத்துக்கு இறங்கியது. அதன்பின் சண்டைகள் குறையவில்லை, நுணுக்கமாயின.

விமர்சகர் போற்றிய முதற்கால நிகழ்ச்சிகளுள் 1950 முதல் 1967 வரை சிபிஎஸ்ஸில் நடந்த 'வாட்ஸ் மை லைன்?' தலையாயது. விருந்தினரின் தொழில் யாது என்பதை, மாலை உடையணிந்த பிரமுகர் குழு 'ஆம்', 'இல்லை' என விடை வரும் வினாக்களால் கண்டறிய வேண்டும்; ஓர் 'இல்லை'க்கு 5 டாலர் வீதம் பத்து 'இல்லை'க்கு 50 டாலர் என்பதே உச்சப் பரிசு. தோற்பவர் பிரமுகராகவே இருந்தமையால் வழியனுப்பில் எவருக்கும் மனத்தாங்கல் எழவில்லை. இதற்கு நேர்மாறானது 1956-ல் தொடங்கிய 'ட்வென்டி ஒன்'. அதில் நடப்பு வெற்றியாளர், 1955-ன் சிறந்த திரைப்படம் எது என்ற வினாவுக்கு, தாம் நன்கறிந்த 'மார்ட்டி'யின் பெயரைச் சொல்லாது தவறாக விடையளிக்குமாறு முன்னரே பணிக்கப்பட்டார். வழியனுப்பை ஒத்திகை பார்த்து வைத்த இச்செயல் வெளிப்பட்டபின் அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தி, இத்தகைய போட்டிகளில் முடிவை முன்கூட்டி அமைப்பதை 1960-ல் சட்டத்தால் தடைசெய்தது. மெய்யாகத் தோற்கும் உரிமையைச் சட்டம் காத்த அரிய நேர்வுகளுள் இது ஒன்று.

இனி, 'தோல்வியொலி'. தோற்ற கணத்தில் அரங்கில் எழுப்பப்படும் ஓசைக்கு இப்பெயர் தகும். 'த பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியின் பித்தளை ஊதுகருவிகள் இவ்வகையில் ஆதிக்காவியம் எனத் தக்கவை. அவை அழுவதுபோல் தொடங்கிச் சிரிப்பதுபோல் இறங்கும். அந்நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில் தத்தம் பரிசுக் குவியலின் விலையை இருவர் கூற, உண்மை விலையை ஒரு டாலர் தாண்டியவரும் தோற்றவராவர். இதனை 'மிகைக்கேட்பு' எனலாம். இருவரும் மிகைக்கேட்பில் விழும் நாளில், பரிசுகள் அனைத்தும் அரங்கிலேயே நிற்க, அவ்வூதல் எழும். ரசிகர்கள் தேடிச் சேர்க்கும் நாள்கள் பெரும்பாலும் இவையே. கார் வென்றவரின் துள்ளலை ஒரு முறைக்கு மேல் பார்ப்பார் அரியர்.

தோல்வியொலி இல்லாது போனால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. 'பிரஸ் யுவர் லக்' நிகழ்ச்சியில் பலகை விளக்குகள் ஓடும்போது பொத்தானை அழுத்திப் பணம் பெறலாம். 'வாமி' என்னும் செந்நிறக் கேலிச்சித்திரப் பூதத்தில் விளக்கு நின்றால் சேர்த்தது முழுதும் போகும். ஒஹையோ மாநிலத்து ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருவர், விளக்குகள் ஓடுவது ஐந்தே வரிசைமுறைகளில்தான் என்பதை வீட்டில் பார்த்து மனப்பாடம் செய்து, 1984-ல் அரங்கேறி 1,10,237 டாலர் வென்றார். குற்றம் காண இயலாத நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வரிசைமுறைகளைப் பெருக்கிக்கொண்டது. மனப்பாடக் கல்வியின் பயன் குறித்து ஐயுறுவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை வாசித்தல் நலம். அன்று தோற்றவர் அருகில் அமர்ந்திருந்த இருவரேயன்றித் தொகுப்பாளரும் ஆவார் என்பது ரசிகர் துணிபு. அவர் முகத்தில் வியப்பு மெல்லக் கலக்கமாகும் இடத்தை அவர்கள் நொடிக்கணக்கில் குறித்து வைத்துள்ளனர்.

'ஜெப்பர்டி'யில் வழியனுப்பு கணக்குப் பதிவாகவே மாறியது. ஃபிளெமிங் காலத்தில் மூவரும் தாம் ஈட்டியதைக் கொண்டுசென்றனர். 1984-ல் அலெக்ஸ் ட்ரெபெக் தொகுப்பாளராக நிகழ்ச்சி மீண்டபோது வென்றவர்க்கு மட்டுமே பணம் என்றாயிற்று. 2002-ல் இரண்டாமவர்க்கு 2,000 டாலரும் மூன்றாமவர்க்கு 1,000 டாலரும் என வரையறுத்தனர். 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' இதனினும் விந்தையானது. அதன் தொடக்க ஆண்டுகளில் வென்றவர் தம் தொகையை அரங்கில் அடுக்கிய பொருள்களை வாங்கியே தீர்க்க வேண்டியிருந்தமையால், மிச்சத்துக்குப் பீங்கான் டால்மேஷன் நாயைச் சுமந்து சென்றவரும் உண்டு. வெறுங்கையோடு போனவர், நாயோடு போனவர் ஆகிய இருவருள் தோற்றவர் யாவர் என்பதில் உரைகாரரிடையே கருத்து வேற்றுமை உள்ளது.

இவை யாவற்றினும் மேலாக வைக்கத் தக்கது, 1973-ல் தொடங்கிய 'பத்தாயிரம் டாலர் பிரமிட்'. இறுதிச் சுற்றில் ஒருவர் பட்டியலிடும் பொருள்களைக் கேட்டு அவற்றின் பொது வகையை மற்றவர் கூற வேண்டும். அறுபது நொடியில் ஆறு வகைகள். ஐந்து சரியாகி ஆறாவதில் நேரம் தீரும்போது, தொகுப்பாளர் டிக் கிளார்க் உடனே விடைகொடுத்துவிடாமல், தவறிய அந்த ஒன்றுக்கு வேறென்ன குறிப்புத் தந்திருக்கலாம் என்று தோற்றவரோடு சேர்ந்து யோசிப்பார். விமர்சகர் இதனை நேரத்தை நிரப்பும் உத்தி என்பர். அவர்கள் ஆறாவது வகையில் தோற்றதில்லை. வழியனுப்பில் முதலிடம் பிரமிடுக்கே.