எந்த இன்ஹேலர் உசத்தி?

? ஃபோராகார்ட், செரோஃப்ளோ இரண்டில் எது உசத்தி? (வாசகி, செங்கல்பட்டு)

இரண்டுமே கூட்டணிதான். முதலாவதில் புடசொனைடும் ஃபார்மோடெராலும். அடுத்ததில் ஃப்ளூடிகசோனும் சால்மெடெராலும். காலை, மாலை ஒழுங்காக இழுப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுராத்திரி இளைப்பு வந்தால்தான் குட்டு வெளிப்படும். ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் வேலையைக் காட்டிவிடும். சால்மெடெரால் கால் மணி, அரை மணி கழித்து ஆடி அசைந்து வரும். ஆகவே முன்னதை, டாக்டர் சொன்ன அளவுக்குள், தினசரிக்கும் அவசரத்துக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். பின்னதை அவசரத்துக்கு நம்பக் கூடாது. என் ஓட்டு முன்னதற்கு.

? ஸ்டீராய்டு என்றாலே பயம். நீல நிற ஆஸ்தாலின் மட்டும் போதாதா? (சதுரங்கப்பட்டினம்)

படகில் ஓட்டையை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் இறைப்பீர்களா? மூச்சுக்குழலின் வீக்கத்தை வற்ற வைப்பது ஸ்டீராய்டுதான். ஆஸ்தாலினில் இருக்கும் சால்புடமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டி 'ஜினா' சொல்லிவிட்டது. இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஆஸ்துமா அடங்கினால் டோஸைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

? ரோட்டாகேப்ஸை வேளை தவறாமல் விழுங்குகிறேன். இளைப்பு குறையவில்லையே? (மதுராந்தகம்)

வயிற்றுக்கு ஆஸ்துமா வந்திருந்தால் குறைந்திருக்கும்! அது ரோட்டாஹேலரில் போட்டு, திருகி, உள்ளே இருக்கும் பொடியை இழுக்க வேண்டிய கேப்ஸ்யூல். பொடியென்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்ப் என்றால் நேர் எதிர்: மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். மருந்தை மாற்றும் முன் டாக்டர் எதிரே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.

? சிற்பப் பட்டறையில் வேலை. இருமல், மூச்சு வாங்கல். நண்பரின் இன்ஹேலர் எனக்கும் சரிப்படுமா? (மாமல்லபுரம்)

இரவல் வேண்டாம். கிரானைட் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தழும்பு விழ வைத்திருந்தால், எந்த இன்ஹேலரும் அதை அழிக்காது. முதலில் மார்பு எக்ஸ்ரே, பிறகு குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி. தாம்பரம் சானடோரியத்துக்குப் போங்கள். டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. கிரைண்டர் ஓடும்போது கல்லில் தண்ணீர் விடுங்கள். முகத்தில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது.

? ஐதராபாத் மீன் மருந்து? (கோவளம்)

ஜூனில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் சொல்கிறார்கள். ஆஸ்துமா தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விராலைக் குழம்பு வையுங்கள். ஐதராபாத்துக்குப் போயே தீருவேன் என்றால் இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.