நிறுவனங்களும் சுயவிவரத்துடன் வரவும்

பெறுநர்:
ஏற்பாட்டுக் குழுவினர்,
மாபெரும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்.

பொருள்: முகாமுக்கு நான் தயாராகிவிட்டதைத் தெரிவித்தல், எதிர்த்தரப்பு தயாரா என விசாரித்தல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாமாண்டு மாணவன். தாங்கள் நடத்தவிருக்கும் மாபெரும் முகாமுக்கு நானும் மாபெரும் அளவில் தயாராகிவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். (சிறிய முகாம் என்று ஒன்றை யாரும் நடத்தியதாக எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டதில்லை.)

அறிவிப்பில் கேட்டிருந்தபடி ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், சுயவிவரக் குறிப்பு எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. இதில் சுயவிவரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை அண்ணன் தன் கணினியில் 'ரெஸ்யூம் ஃபைனல்' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார். எந்தக் காலத்திலோ ஒரு சீனியர் அடித்து வைத்துவிட்டுப் போனது. பெயரையும் செல்போன் எண்ணையும் மாற்றிப் பிரிண்ட் போட்டுத் தருவார். அவசரத்தில் தந்தை பெயரை மாற்ற மறந்துவிடுவதால் எங்கள் வகுப்பில் மூன்று பேர் இப்போது காகிதத்தில் உடன்பிறப்புகள். மற்றபடி எல்லோருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. பலம் கடின உழைப்பு. பலவீனம் யாரையும் எளிதில் நம்பிவிடுவது. முகாமில் அதிகம் தேவைப்படுவது அந்தக் கடைசித் தகுதிதான் என்று போன வருடம் போய் வந்த சீனியர்கள் சொல்கிறார்கள். கோப்பின் அடியில், 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வரியும் கையெழுத்துக்கு இடமும் உண்டு. அதிலும் கையெழுத்துப் போட்டாயிற்று.

உடை தயார். விடுதியில் எங்கள் தளத்துக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருக்கிறது, ஒன்பதாம் நம்பர். நேர்காணல் முடித்து வெளியே வருபவன் கழற்ற, உள்ளே போகிறவன் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே எங்கள் தளத்து மாணவர்களை ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளுக்கு அழைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிவும் தயார். கல்லூரியில் ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். ஒரு குழாய் 6 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று 8 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது நிரம்பும் என்று கேட்டார். 24 மணி நேரம் என்று சரியாகச் சொன்னோம். நிரம்பிக்கொண்டிருக்கும்போது காலி செய்கிற குழாயைத் திறந்துவிட்டவர் யார் என்று கேட்ட பையனை மட்டும், இவனுக்கு நிறுவனக் கலாச்சாரம் ஒத்துவராது என்று உட்காரவைத்துவிட்டார். குழு விவாதத்தில் செயற்கை நுண்ணறிவு வரமா சாபமா என்று பேசி, இரண்டும்தான் என்று முடித்தோம். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் குடும்பத்தைப் பற்றிச் சொல்லக் கூடாதாம். அப்பா டெய்லர் என்பதை எடுத்துவிட்டேன். நான் போட்டுக்கொண்டு வரும் சட்டையை மட்டும் அவர்தான் தைத்திருக்கிறார்.

ஆக, எங்கள் தரப்பில் குறை ஒன்றும் இல்லை. எதிர்த்தரப்பு எப்படித் தயாராகிறது என்பதுதான் தெரியவில்லை.

தங்கள் அறிவிப்பில் எங்களுக்கான விவரம் அரைப் பக்கம் இருக்கிறது. வரப்போகும் நிறுவனங்களைப் பற்றி ஒரே வரி: 'முன்னணி நிறுவனங்கள் பங்கேற்கின்றன.' யாருக்கு முன்னால் என்று இல்லை. முகாமுக்குள் போனால் மேசைக்குப் பின்னால் ஒரு பேனர், இரண்டு பேர், ஒரு தண்ணீர் பாட்டில். பேனரில் 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்' என்று இருக்கும். விசாரித்தால், வீடு வீடாகப் போய் விற்கிற வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் அப்படி உழைத்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தகுதிப் பட்டியலில் 'சொந்த டூ-வீலர் அவசியம்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. வேலை கிடைத்தால் வண்டி வாங்கலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வண்டி வாங்கினால்தான் வேலை என்று இப்போது தெரிந்துகொண்டோம்.

சம்பளக் கணக்கு இதைவிட நுட்பமானது. பேனரில் மாதம் 20,000 என்று போட்டிருக்கும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் அப்படி ஒரு பேனரைப் பார்த்துச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளச் சீட்டை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பி.எஃப்.புக்கு அவர் பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். இரண்டுமே அந்த 20,000-க்குள். ஈ.எஸ்.ஐ.யில் நிறுவனம் கட்ட வேண்டியதும் அதற்குள்ளேயே. இலக்கை எட்டினால் மட்டும் தரும் ஊக்கத்தொகை முழுதாக அதற்குள். கிராஜுவிட்டியும் அதற்குள். பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான் கிராஜுவிட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு, ஐந்தாம் ஆண்டு முடிவில் வரும் பணத்தை முதல் மாதமே கூட்டிக் காட்டும் தன்னம்பிக்கையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பலம் என்ற இடத்தில் அவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். "எல்லாம் போகக் கையில எவ்வளவுப்பா வரும்?" என்று என் அம்மா கேட்கிற ஒரே கேள்விக்குத்தான் எந்தப் பேனரிலும் பதில் இல்லை.

தாங்கள் ஒரு விஷயத்தில் நேர்மையானவர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். தனியார் துறையில் வேலை கிடைத்தாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்து செய்யப்படமாட்டாது என்று அறிவிப்பின் கீழே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். முகாமில் கிடைக்கும் வேலை எத்தனை நாள் என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருப்பது எங்களுக்கு ஆறுதல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, 5 ஆண்டு வேலையின்றிக் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதில் பிடித்தம் எதுவும் கிடையாது. பேனருக்கும் கைக்கும் வித்தியாசமில்லாத வருமானம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வேலை தருபவரும் விவரம் சொல்ல வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பல்ல. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959-லேயே மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவரலாம் என்றார்கள். தெரிவிப்பதுதான் கட்டாயம், அந்த அலுவலகம் அனுப்புகிற ஆளை எடுப்பது கட்டாயமில்லை என்று அதே சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை மட்டும் நிறுவனங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

எனவே, அடுத்த அறிவிப்பில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

1. பங்கேற்கும் நிறுவனங்கள் தங்கள் சுயவிவரத்தைப் போதிய நகல்களுடன் கொண்டுவர வேண்டும். மேசையில் இருப்பவர் கன்சல்டன்சிக்காரர் என்றால், அவருக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தேவை. தந்தை பெயர் மாறிப்போகாமல் அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

2. இதே பணியில் இருப்பவரின் போன மாதச் சம்பளச் சீட்டு ஒன்றைப் பெயரை மறைத்துவிட்டு மேசையில் ஒட்டவும்.

3. படிப்பில் ஓராண்டு இடைவெளி இருந்தால் எங்களிடம் காரணம் கேட்கிறார்கள். அதே இருக்கை ஓராண்டில் எத்தனை முறை காலியானது, உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று அவர்களும் சொல்ல வேண்டும்.

4. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா, பாண்டில் கையெழுத்து கேட்பார்களா, சீருடைக்கும் பயிற்சிக்கும் முன்பணம் உண்டா என்பதைப் பேனரிலேயே, பதவியின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், எழுத வேண்டும்.

5. முகாம் முடிந்த மறுநாள் வெளியிடும் கணக்கில், 'இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்களை' வேலை பெற்றவர்களோடு கூட்ட வேண்டாம். போன முகாமில் மேடையேறிக் கவர் வாங்கிய என் நண்பனும் அந்தக் கணக்கில் இருக்கிறான். கவருக்குள் இருந்தது, திங்கட்கிழமை இன்னொரு நேர்காணலுக்கு வரச் சொல்லும் கடிதம்.

6. பேனரின் அடியில், 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் போட்டுவிட்டோம்.

நேரம் இருந்தால் நிறுவன அதிகாரிகளுக்கும் ஒரு குழு விவாதம் வைக்கலாம். தலைப்பு: 'பெட்ரோல் படி: வரமா, சாபமா?' ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினாலும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இவற்றில் தேறும் நிறுவனங்கள் தங்கள் விவரங்களை எங்களிடம் கொடுத்துவிட்டுச் செல்லலாம். பரிசீலித்துவிட்டு நாங்களே கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் மூன்றாமாண்டு மாணவன்
(சொந்த வண்டி இல்லை)