வீட்டுப்பாடத்துக்குரிய சிறுபொழுது

நாளொன்றுக்கு நாழிகை அறுபது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடுத்துத் திங்கள் காலை 9 மணிக்குக் கேட்கப்படும் அசைன்மென்ட்டுக்கு மாணவர் கையில் இருப்பது 65 மணி நேரம், அதாவது நூற்றறுபத்திரண்டரை நாழிகை. பத்துப் பக்கம் எழுதப் பத்து நாழிகை தாராளம். ஆனாலும் ஞாயிறு இரவு பதினொன்றுக்கு முன் பேனா மூடி கழன்றதாக வரலாறு இல்லை. குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று வகுத்த தொல்காப்பியர் வீட்டுப்பாடத்துக்குப் பொழுது சொல்லாமல் போனது நூற்குறை அன்று. அன்று அசைன்மென்ட் இல்லை. யாமமே இதற்கும் உரியது என்பது நம் துணிபு. வேறுபாடு ஒன்று உண்டு. குறிஞ்சியில் காதலர் இரவில் சந்திக்கும் இரவுக்குறிக்குத் தாய் துஞ்சாமை இடையூறு. இங்கே தாய் துஞ்சாதிருந்தால்தான் காபி வரும்.

அஃதேல், எஞ்சிய நூற்றைம்பது நாழிகை எங்கே போயிற்று எனின், முகப்புத் தாளில் போயிற்று என்க. ஸ்கேல் வைத்துச் சிவப்பு ஸ்கெட்சில் ஒரு கோடு, அரை விரல் தள்ளிப் பச்சையில் இன்னொன்று, மூலையில் தாமரை, தலைப்பின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமை, மறுபடி புதுத்தாள். கிடைக்கிற நேரம் முழுவதும் வேலை விரியும் என்று 1955இல் பார்க்கின்சன் எழுதியது இந்தத் தாமரைக்கும் பொருந்தும். சரியாகத் திட்டமிட்டால் தீராதோ என்பாரும் உளர். ரோஜர் ப்யூலரும் உடனாய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள் மாணவர்கள். எல்லாமே கெட்டுப்போனாலும் 49 நாள் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 56. கால அட்டவணை எழுதுவதும் இன்னொரு முகப்புத் தாள்தான்.

ஆகவே மாணவருக்கு வேண்டியது கூடுதல் நேரம் அன்று, கூடுதல் கடைசி இரவு. வேலை நடப்பது அங்கேதான் என்றால் அதையே மூன்றாகப் பெருக்குவதுதானே முறை? ஏரியலியும் வெர்டன்புரோக்கும் 2002இல் வெளியிட்ட சோதனையில் மூன்று உரைகளைப் பிழைதிருத்தத் தந்தார்கள். வாரம் ஒன்று என்று கெடு வைக்கப்பட்டவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். மூன்றையும் மூன்றாம் வாரக் கடைசியில் தந்தால் போதும் என்று விடப்பட்டவர்கள் மிகக் குறைவாக. வளர்ந்த பிள்ளைக்குத் தவணை எதற்கு, தானே கெடு வைத்துக்கொள்ளட்டும் என்றால், அப்படி வைத்துக்கொண்டவர்கள் அதே சோதனையில் நடுவில்தான் நின்றார்கள். மூன்று முறை வாங்கினால் திருத்துவது யார் என்ற ஆசிரியரின் கேள்வி வலுவானது. ஆனால் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்து மதிப்பெண் பதியும் நாளுக்கு முந்திய யாமத்தில் திருத்துகிறவருக்கும் இம்மருந்து ஆகும். எனவே ஆசிரியப் பெருமக்களே, முதல் மூன்று பக்கத்தைச் சனிக்கிழமை இரவே வாட்ஸ்அப்பில் கேளுங்கள், அடுத்த மூன்றை ஞாயிறு நண்பகலில். முகப்புத் தாளைத் திங்கட்கிழமை வகுப்பில், உங்கள் கண்ணெதிரே, ஐந்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். தாமரை வேண்டாம்.