நோட்டுல பொய் எழுதாதே மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. மாட்டுக்குக் காதுல மஞ்சக் கம்மல் மாட்டுன மாதிரி உனக்கு நெஞ்சுல என்னத்தையோ ஒட்டி விட்டிருக்காவ!

படபடன்னு அடிக்குதுன்னு டாக்டர்ட்ட போனியாக்கும். ஈசிஜியில ஒண்ணுமில்லன்னு வந்திருக்குமே? அது பாக்கிறது 10 செகண்டு. இன்ஸ்பெக்டர் வந்து நிக்கிற நேரத்துல எந்தப் பய சேட்டை பண்ணுவான்? நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிற நெஞ்சு எப்ப எடறுதுன்னு பிடிக்கணும்னா, ராவும் பகலும் கூடவே கெடந்து காவல் காக்கணும். அதான் இந்த வில்லை. இது துடிப்பைச் செல்போனுக்குச் சொல்ல, போன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். நீ என்னடான்னா, டவரே எடுக்காத பம்புசெட்டு ரூம்ல போய்ப் படுத்துக் கெடக்கே!

1949-லயே அமெரிக்காவுல ஹோல்டர்னு ஒருத்தர் துடிப்பை ரேடியோவுல அனுப்பிக் காட்டுனாராம். அந்தப் பெட்டி 38 கிலோ. அரை மூட்டை நெல்லை முதுகுல கட்டிக்கிட்ட மாதிரி. உனக்கு இந்தத் துணுக்கே அரிக்குதுங்கே!

எங்கே, எந்நேரம் என்ன செஞ்சேன்னு டாக்டர் எழுதச் சொன்ன நோட்டைக் காட்டு. 'மதியம் 2 மணி: தூக்கம்.' அடப்பாவி! 2 மணிக்கு நீ வரப்புல மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க சித்தப்பனோட மல்லுக்கு நின்னதை ஊரே பாத்துச்சே. வில்லையில 140 ஓடியிருக்கும். தூங்குற மனுசனுக்கு ஏன் இப்படி ஓடுதுன்னு டாக்டர் மண்டையைப் போட்டு உடைச்சுக்கவா? துடிப்பைத்தான் அது எழுதும். சங்கதியை நீதான் எழுதணும்.

கையில வாட்சு வேற! மச்சான் துபாயிலருந்து அனுப்புனதா? அது ஒத்தச் சன்னல் வழியா எட்டிப் பாக்கும். ஆஸ்பத்திரி ஈசிஜி 12 சன்னலையும் தொறந்து பாக்கும். மாரடைப்பு புறவாசல் வழியா வந்தா உன் வாட்சுக்குத் தெரியாது. நெஞ்சை அமுக்கி, கையும் தாடையும் வலிச்சு, வேர்த்து ஊத்துச்சுன்னா, ஆஸ்பத்திரிலருந்து போன் வரும்னு பாத்துக்கிட்டு இருக்காதே. 108-க்கு நீ போனைப் போடு.

என்ன முறைக்கே? பேனாவை எடு. 'சாயங்காலம் 5 மணி: மாமா கிண்டல் பண்ணினார், கோவம் வந்தது'ன்னு எழுது. இந்நேரம் அங்க ஏறியிருக்கும்.